மஞ்சள் பூசிய கட்டங்கள்

ராணியம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக. நான்கு அலுவலகம் ஏறி இறங்கியும் பதில் கிடைக்காமல், கடைசியில் கள்ளக்குறிச்சியில் அரசாங்கக் கட்டடங்களின் பழைய வரைபடங்களைப் போட்டு வைத்திருக்கும் அறைக்கு வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு தாள். தாளில் ஒரு வரியின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தாள். எடுத்தால் வரி ஓடிவிடும் என்று பயந்தவள்போல் இருந்தது.

"இத எழுதினது யாருங்க?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கோகிலவாணி தாளை வாங்கிப் படித்தாள். வன உரிமைக் கோரிக்கையை நிராகரித்து வந்த கடிதம். "மேற்படி இடத்தில் பங்களா கட்டுமானக் கூலியாட்களுக்கான தற்காலிகக் கொட்டகைகள் பத்து மட்டுமே இருந்தமை ஆவணப் பட்டியல் வாயிலாகத் தெரிய வருவதால், பழைய குடியிருப்பு என்னும் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று."

அந்த ஆவணப் பட்டியலைத் தயாரித்தவளே கோகிலவாணிதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒப்பந்த வேலையில் சேர்ந்தபோது, நானூற்றுச் சொச்சம் பழைய படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விவரம் எழுதச் சொன்னார்கள். நாளைக்கு நாற்பது படம். "தற்காலிகக் கொட்டகைகள் 10" என்று எழுதியது அவள் கைதான். அந்த வரி மலை ஏறிப் போய் யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று அன்று அவள் யோசிக்கவில்லை. நாற்பது படத்தை முடித்துவிட்டு வடக்கனந்தல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் யோசனை.

"எழுதினவங்களப் பாத்து இன்னாங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலம்மா. அவங்களுக்கு எப்டித் தெரியும்னு கேக்கணும். எங்களுக்கே தெரியாத சங்கதி ஆச்சே."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கேள்வியில் கோபத்தைவிட ஆர்வம்தான் ஜாஸ்தி இருந்தது. அதுதான் கோகிலவாணியைச் சுட்டது. "நான்தான்" என்று சொல்ல வாய் வரவில்லை. "படத்தப் பாத்துட்டுச் சொல்றங்க்கா" என்றாள். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

விஷயம் இதுதான். கல்வராயன் மலையில் ஈச்சந்தட்டு என்று ஒரு சிற்றூர், எட்டு வீடு. சாமை, கேழ்வரகு, கொஞ்சம் மரவள்ளி. ஊருக்கு மேலே பெரிய அதிகாரிகள் வந்து தங்குவதற்காக 1931இல் திட்டமிட்டுக் கட்டிய பங்களா ஒன்று, இப்போது இடிந்து கிடக்கிறது. ஊர் நிற்கும் நிலம் பங்களா வளாகத்துக்குள் வருகிறது என்கிறது அரசாங்கம். பங்களா வருவதற்கு முன்பே நாங்கள் இருந்தோம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பங்களா கட்ட வந்து, வேலை முடிந்தும் போகாமல் தங்கிவிட்ட கூலியாட்களின் வம்சம் என்கிறது அந்தக் கடிதம். மேல்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதிலும் தோற்றால் எட்டு வீடும் சாமை விளையும் காடும் ஆக்கிரமிப்புக் கணக்கில் போய், சுற்றிக் கம்பிவேலி வந்துவிடும்.

ராணியம்மாள் போனதும் கோகிலவாணி அலமாரியைத் திறந்து மூலப் படத்தைத் தேடி எடுத்தாள். அது காகிதம் அல்ல, டிரேசிங் துணி. நூலிழை தெரியாத அளவுக்கு நயமான துணியில் கஞ்சி ஏற்றி, தேய்த்துத் தேய்த்து, கண்ணாடிபோல் ஆக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் மங்கல். தண்ணீர் பட்டால் கஞ்சி போய் வெறும் வெள்ளைத் துணி ஆகிவிடும். அந்தக் காலத்தில் படம் வரைகிறவர்கள் வீட்டில் வேண்டாத படத்தையெல்லாம் ஊறவைத்துத் துவைத்துப் பிள்ளைக்குச் சட்டை தைப்பார்களாம். ஆவண அறைக் காவலர் பாவாடை என்பவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நம்ம தாலுகா ஆபீசு படத்துல பாதி, எவனோ ஒருத்தன் மூக்கு சிந்தின கைக்குட்டையாப் போச்சு" என்பார்.

இந்தப் படம் தப்பித்திருந்தது. கஞ்சிக்கு வந்த பூச்சி ஒரு மூலையை மட்டும் தின்றிருந்தது. நிற விளக்கம் எழுதியிருந்த மூலை. பூச்சிக்கும் எதைத் தின்பது என்று தெரிந்திருக்கிறது.

மேசையில் விரித்துப் போட்டுப் பார்த்தாள். நடுவில் பங்களா. பின்பக்கம் தனியாகச் சமையற்கட்டு. அதற்கும் பின்னால் குதிரை லாயம், பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி, காற்றுக்கு மேலே ஜன்னல். பக்கத்தில் வேலையாள் அறை, எட்டுக்கு ஆறு, ஜன்னல் இல்லை. குதிரைக்கு மூச்சு முட்டக்கூடாது என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார். கீழே சரிவில் விட்டு விட்டுப் போட்ட கோட்டில் பத்துச் சதுரங்கள். இன்றைக்குக் கட்டட வேலை நடக்கும் இடத்துப் படங்களில் சிமெண்டு மூட்டை போடும் கொட்டகையை இப்படித்தான் விட்டு விட்டு வரைவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவள் கொட்டகை என்று எழுதிவிட்டாள்.

ஆனால் இப்போது பன்னிரண்டு நாள் இருக்கிறது, நாற்பது படம் இல்லை. ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சின்ன இடைவெளி. வாசல். ஒன்றுக்குக் கிழக்கே, ஒன்றுக்கு வடக்கே. எந்தக் கொட்டகைக்கு எந்தப் பக்கம் வாசல் என்று மெனக்கெட்டு எவன் குறிப்பான்?

துணியைத் திருப்பிப் போட்டாள்.

பின்பக்கம் முழுக்க வண்ணம். முன்பக்கம் மையால் கோடு போட்டுவிட்டு, கோடு கலையாமல் இருக்கப் பின்பக்கம்தான் வண்ணம் பூசுவார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கேன் செய்தபோது முன்பக்கம் மட்டும், அதுவும் கறுப்பு வெள்ளையில். கோப்பு கனம் கம்மியாக இருக்கட்டும் என்று. பங்களாச் சுவர்களுக்கு ஏதோ பூச்சியைக் காயவைத்து அரைத்த சிவப்பு. இரும்புக்கு நீலம். கல்லுக்குச் சாம்பல். சரிவில் இருந்த பத்துச் சதுரத்துக்கும் மஞ்சள், மரத்துப் பாலில் செய்கிற தெளிந்த மஞ்சள். தொண்ணூறு வருடத்தில் துணியே மஞ்சளாகிவிட்டதால் கண்ணுக்கு உடனே பிடிபடவில்லை.

அவளுக்கு மஞ்சள் என்றால் கோட்டின் தடிமன். கம்ப்யூட்டரில் வரைகிறவர்களுக்கு நிறம் நிறமே அல்ல. சிவப்பில் போட்டால் மெல்லிய கோடு, மஞ்சளில் போட்டால் கொஞ்சம் தடித்த கோடு, அச்சில் எல்லாம் கறுப்பாகத்தான் வரும். பத்து வருடமாக அப்படி வரைந்து வரைந்து நிறத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்பதே மறந்துவிட்டது. ஆனால் பாலிடெக்னிக்கில் இதைப் படித்திருக்கிறாள். இரண்டு மார்க் கேள்வி. புதிதாகக் கட்டப்போவது சிவப்பு. இடிக்கப்போவது மஞ்சள்.

விடை எழுதி இரண்டு மார்க்கும் வாங்கியவள்தான் இந்தக் காரியம் பண்ணியிருக்கிறாள்.

உதவிப் பொறியாளர் தமிழழகனிடம் ஓடினாள். அவனுக்கு இருபத்தேழு வயது, அவளுக்கு முப்பத்தொன்று. அவன் இவளை அக்கா என்பான், இவள் அவனை சார் என்பாள். உத்தியோகம் அப்படி.

"சார், இது கொட்டகை இல்ல சார். முன்னாடியே இருந்த வூடுங்க. பங்களாவுக்காக இடிக்கச் சொல்லி மஞ்ச பூசியிருக்காங்க."

அவன் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "அக்கா, மரத்துக்கும் மஞ்சதான் பூசுவாங்க. மரக்கம்பு நட்டுக் கூர போட்ட கொட்டாய்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க? வெளக்கம் எழுதின மூலையப் பூச்சி தின்னுட்டுது. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்க்கா. தப்புன்னு நீங்களே சொன்னீங்கன்னா, அடுத்த மாசம் காண்ட்ராக்ட் ரினீவல் வருது."

அவன் கெட்டவன் இல்லை. சொன்னதில் பாதி நியாயமும் இருந்தது. அந்த நியாயம்தான் அவளை அரித்தது. சனிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, படத்தின் நகலையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினாள். அங்கிருந்து நடை.

பங்களா இருந்த இடத்தில் கூரை இல்லை. சமையற்கட்டுச் சுவர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ராணியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் விறகுக்கட்டோடு மேலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கோகிலவாணி டேப்பைப் பிடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வழி நேராகச் சமையற்கட்டுக்குள் புகுந்து வெளியே போகிறது. பெண்கள் மேற்குச் சுவரை ஒட்டி, பங்களாக்காரர்களின் புகைபோக்கி இருந்த இடத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு வந்தார்கள். பாதி தூரத்தில், காரணம் ஒன்றும் தெரியவில்லை, ஒருவர் பின் ஒருவராக வளைந்து, கிழக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். தலையில் பாரத்தோடு இருபதடி வீண் நடை. அங்கே முள் இல்லை, பள்ளம் இல்லை, புல்தான்.

"ஏங்க்கா சுத்திக்கினு போறீங்க?"

ராணியம்மாள் விறகை இறக்கினாள். "அது அடுப்பு இருந்த எடம். எங்க ஜனம் அடுப்பு இருந்த எடத்த மிதிக்காது."

"அடுப்பு அந்தப் பக்கம் இல்ல இருந்திச்சி? மேக்கால. பொகபோக்கி இருந்த எடம் அங்கதான கீது. அத மிதிச்சிக்கினுதான வந்தீங்க."

ராணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள். மற்ற இரண்டு பெண்களும் பார்த்தார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து முப்பது வருடமாகச் சுற்றிப் போகிறவளுக்கு அன்றுதான் சந்தேகம் வந்தது.

"ஆமா. பங்களா அடுப்பு மேக்கால. அப்ப இது யாரு அடுப்பு? நா வந்த அன்னிக்கு எங்க மாமியா கையப் புடிச்சி இப்டி வளச்சிக் கூட்டிக்கினு போனாங்க. அவங்களக் கூட்டிக்கினு போனது அவங்க மாமியா. யாரு அடுப்புன்னு நா கேக்கல. ஏன் கேக்கலன்னு தெரியல."

கோகிலவாணி அந்த மூலையை அளந்தாள். சுற்றிப் போகும் தடம் ஒன்பது அடிக்கு எட்டு அடியை விட்டு வளைந்தது. சரிவில் இருந்த சதுரங்களின் அளவும் அதுவேதான். ஆனால் நகலில் அந்த மூலையில் ஒன்றுமில்லை, படிக்கட்டு என்று அவள் நினைத்திருந்த இரண்டு குட்டிக் கோட்டைத் தவிர.

"செங்கல்லெல்லாம் எப்டிக்கா மேல வந்திச்சி?"

"கீழ சூள போட்டு, தலமேல. ஒரு நடைக்கு எட்டுக் கல்லாம். சுண்ணாம்பு கூடையில. எல்லாம் எங்க ஆளுங்கதான் தூக்கினாங்க. அதத்தான் கூலிக்காரன்னு எழுதிட்டாங்களோ என்னவோ."

திங்கட்கிழமை காலையில் அலுவலகம் திறந்ததும் துணியை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெயில் படும்படி வைத்தாள். சமையற்கட்டின் கிழக்கு மூலை. சுவரின் சிவப்பு அந்த இடத்தில் மட்டும் சிவப்பாக இல்லை, பழுத்த மிளகாய்க்குப் பக்கத்தில் கோவைப்பழத்தை வைத்த மாதிரி வேறாக இருந்தது. சிவப்புக்கு அடியில் மஞ்சள். முதலில் மஞ்சள் பூசிக் காயவிட்டு, அதன் மேல் சிவப்பு ஓடியிருக்கிறது. படிக்கட்டு என்று நினைத்த இரண்டு கோடும் விட்டு விட்டு வரைந்த சதுரத்தின் மிச்ச நுனிகள். பதினோராவது வீடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல் வீட்டைச் சமையற்கட்டில் மறைத்திருந்தது.

தமிழழகனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க வேல பாக்கற எடத்துல, சொவரு எழும்ப வேண்டிய எடத்துலயே கூலியாளுக்குக் கொட்டாய் போடுவீங்களா?"

அவன் நீண்ட நேரம் பார்த்தான். மூக்கைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு பார்த்தான்.

"போட மாட்டேன்" என்றான். துணியை ஜன்னலிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்து, "நீங்க எழுதிக் குடுங்கக்கா. நா கையெழுத்துப் போடறேன்" என்றான். மனிதனுக்குள் எங்கே எது இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

விசாரணை பதினெட்டாம் தேதி பதினோரு மணிக்கு. அதிகாரி ஒரு பெண். நீள மேசை. ஒரு பக்கம் ராணியம்மாளும் ஊர்க்காரர்கள் நான்கு பேரும், எதிரே கோகிலவாணியும் தமிழழகனும். கோகிலவாணி துணியை விரித்து, திருப்பி, மஞ்சளைக் காட்டினாள். பிறகு அதைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். அதிகாரி எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். சதுரங்களைத் தானே எண்ணினார். எல்லோரும் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்ததும், வழி வளைகிற தடத்தின் அளவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அப்ப இந்த இடத்தில் வீடு இருந்ததற்கு நம்மிடம் இருக்கிற ஒரே சாட்சி, அதை இடிக்கச் சொன்ன படம்தான்" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"சரி. பட்டியலில் கொட்டகை என்று எப்படி ஏறியது? ஸ்கேன் பண்ணின வெளி ஏஜென்சியின் தவறு என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

தப்பித்துக்கொள்ளக் கதவைத் திறந்து வைத்ததுபோல் கேட்டார். தமிழழகன் மேசைக்கு அடியில் அவள் காலைத் தட்டினான். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"ஏஜென்சி இல்லிங்க மேடம். நான்தான் எழுதினேன். பின்பக்கம் திருப்பிப் பாக்கல. போயும் பாக்கல."

ராணியம்மாள் சட்டென்று தலையைத் திருப்பினாள். கோகிலவாணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அதிகாரி எழுதச் சொன்னார். நிராகரிப்பு ரத்து. பங்களாவுக்கு முன்பே பதினோரு வீடு கொண்ட குடியிருப்பு இருந்தது என்று பதிவு. பட்டியல் திருத்தப்பட வேண்டும். இப்போதுள்ள வீடுகளையும் காடுகளையும் அளந்து புதிய படம் தயாரித்து, உரிமை வழங்கும் வேலையைத் தொடங்க வேண்டும். கோகிலவாணியின் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ஊர்க்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செல்போனில் ஊருக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். ராணியம்மாள் டம்ளரை வைத்துவிட்டு இவளிடம் வந்தாள். கோகிலவாணிதான் முதலில் பேசினாள்.

"மன்னிச்சிருங்கக்கா. நீங்க வந்து கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

ராணியம்மாள் பெரிய மனது பண்ணித் தோளைத் தட்டுகிற ஆள் இல்லை.

"மஞ்ச பூசினானே, அவன் எந்த ஊருக்காரனோ" என்றாள். "இடிக்கறதுக்குன்னேதான் வந்தான். ஆனா வூடு வூடா போயி நின்னிருக்கான். வாசல் எந்தப் பக்கம்னு பாத்திருக்கான். பதினொண்ணுல ஒண்ணு விடல. நீ கீழ வடக்கனந்தல்காரின்னு அன்னிக்கு மலையில சொன்ன. பஸ்ஸு ஏறினா வந்துரலாம். எங்கள மாதிரி கூலி வேல செஞ்ச வூட்டுப் பொண்ணுதான் நீயும், மொகத்தப் பாத்தாலே தெரியுது. எழுதறதுக்கு முன்னாடி நீ ஒரு நட வரலியே."

கோகிலவாணி துணிச் சுருளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் புதுப் படம் நீதான வரையப் போற?"

"தெரியலக்கா. வேல இருந்தா நான்தான்."

"இல்லாட்டியும் நீயே வா. ஞாயித்துக்கெழமன்னா சாம அறுப்பு முடிஞ்சிருக்கும், எல்லாரும் வூட்டுல இருப்பாங்க. வெளிய நின்னு எண்ணிக்கினு ஓடிடாத. ஒவ்வொரு வூட்டுக்கும் உள்ள வந்து, உக்காந்து, யாரு வூடுன்னு பேரக் கேட்டுக்கினு அப்பறமா எழுது."

வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. ராணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கோகிலவாணி சுருளை இடுக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டாள்.